செ-க்கு அப்புறம் ஒரு புள்ளி

தம்பி, முதல்ல அந்தத் "தலைவரே"யை விட்டுருங்க. நீங்க ஊருக்குப் புதுசு, உங்களைக் குத்தம் சொல்ல முடியாது. வாசல்ல போர்டு இருக்கு, உள்ள வெள்ளை வேட்டியோட ஒரு ஆளு உக்காந்திருக்கான், மீசை வேற வச்சிருக்கான். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாக. ஆனா போர்டை நின்னு படிச்சிருக்கணும். "கோ. மங்கையர்க்கரசி, பேரூராட்சித் தலைவர்." அந்தக் "கோ"வை நல்லாப் பாத்துக்கங்க. ஒத்தை எழுத்துதான், அதுக்குப் பின்னாடி என் மானம் மொத்தமும் கெடக்கு. அவுக வர்ற வரைக்கும் சொல்றேன், உக்காருங்க. ஐயையோ, அது ஆம்ப்ளிபயர், அது மேல இல்ல. இந்தா ஸ்டூலு.

அந்த மனுவையும் என்கிட்ட நீட்டாதீங்க. தெருவிளக்கா? எரியலையா? சரி, மடிச்சுப் பைக்குள்ள வைங்க. அவுக ஆபீஸ்ல இருக்காக, அஞ்சு மணிக்கு வந்துருவாக. நான் அவுக வீட்டுக்காரன், செல்லப்பாண்டி. தொழில் மைக்செட்டு, பந்தல், சீரியல் லைட்டு. இந்த ஒயரைச் சுத்திக்கிட்டே பேசுறேன், தப்பா நினைக்காதீங்க, நாளைக்கு ஒரு காதுகுத்து இருக்கு.

இருபத்தஞ்சு வருஷமா மைக்செட்டு போடறேன். எத்தனை கூட்டம், எத்தனை தலைவர்க! அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி மேடையேறி முதல்ல பேசுனவன் நாந்தான். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." முடிஞ்சு போச்சு என் பேச்சு. அதுக்குள்ள எவனாவது வந்து "போதும்யா, எறங்கு"ம்பான். நாலுன்னு ஒரு நம்பர் இருக்கே, அதை மைக்குல சொல்ல எனக்குக் குடுப்பினையே இல்ல. சிரிக்கிறீங்க. நீங்க ஒரு நாள் கூட்டத்துக்கு நடுவுல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, பேச வாயைத் தொறந்து, பேசாமலே எறங்கி வந்து பாருங்க, தெரியும்.

அப்பத்தான் நம்ம பேரூராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்குன்னு ஒதுக்குனாக. ஊர்ல உள்ள ஆம்பளைக எல்லாம் சோகமாயிட்டானுக. நான் மட்டும் சோகமாகலை. வீட்டுக்கு வந்தேன், அடுப்படியில நின்னவளைக் கூப்பிட்டேன், எங்க வார்டுல நிறுத்துனேன். பாத்தீங்களா, நிறுத்துனேன்னுதான் வாயில வருது. அவ நின்னான்னு சொல்ல இன்னும் பழகலை. ஆட்டோவுல ரெண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கிட்டு நான் தெருத்தெருவாக் கத்துனேன். அவ பாட்டுக்கு வீடு வீடா நடந்தா. ஜெயிச்சா. கவுன்சிலருக எல்லாம் கூடித் தலைவராவும் ஆக்கிட்டாக. குழாய் சத்தத்துலதான் ஜெயிச்சோம்னு ரொம்ப நாள் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

பெறகு என்ன? ஆபீஸ்ல இருந்து ஃபைல் வரும். "குடுங்க, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறேன்"ம்பா. "உனக்கு எதுக்கும்மா சிரமம், படிச்சா தலைவலி வரும்"னு நானே போட்டுருவேன். அவ பத்தாவதுல பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க்கு. நான் எட்டாவது பெயிலு. இதை நானே சொல்லிர்றேன், இல்லாட்டி எதுத்த கடைக்காரன் சொல்லிருவான்.

ஆமா, கையெழுத்து நாந்தான் போட்டேன். "செ. மங்கையர்க்கரசி"ன்னு. செல்லப்பாண்டிக்கு "செ". கல்யாணம் ஆன பொம்பளைக்குப் புருஷன் இனிஷியல்தானே? அப்படித்தான் ஊர்ல எல்லாரும் வச்சிருக்காக, அதை யோசிக்கவே இல்ல நான். அம்மாடி, எம்புட்டு நீளமான பேரு! ஒரு நாளைக்கு இருபது தடவை போட்டா விரலு மரத்துப்போகும். மாமனாரு ஒரு சின்னப் பேரா வச்சிருக்கக் கூடாதான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே போடுவேன். ரெண்டு வருஷம் போட்டேன் தம்பி. மீட்டிங்குன்னா அவ பக்கத்துல எனக்கு ஒரு சேர் போட்டுருவாக. பேசறதெல்லாம் நான். அவ தலையாட்டணும், அதுவும் நான் சைகை காட்டுனாத்தான். ஊரே என்னைத் "தலைவரே"ன்னுச்சு. எனக்கு அது காதுல தேனு ஊத்துன மாதிரி இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

மனு வரும்ல, உங்க மனு மாதிரி? அதுக்கு ஒரு வழி வச்சிருந்தேன். பிரஸ்ல குடுத்து ஐநூறு தாளு அடிச்சு வச்சுட்டேன். "தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்." கீழ ஒரு கையெழுத்து. எவன் வந்தாலும் ஒரு தாளு. சாக்கடை அடைச்சிருச்சா, கனிவுடன். நாய்த் தொல்லையா, கனிவுடன். ஒருத்தன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து குடுத்தான், அவசரத்துல அவனுக்கும் கனிவுடன் அனுப்பிட்டேன். இன்னைக்கும் என்கூடப் பேச மாட்டான்.

இப்படிப் போய்க்கிட்டிருக்கும்போதுதான் நம்ம கவர்மெண்டு பெண்கள் பள்ளிக்கூடத்துல இருந்து கடுதாசி வந்துச்சு. "தலைமைப் பண்பு என்னும் பொருளில் எம் மாணவியரிடையே உரையாற்ற, பேரூராட்சித் தலைவர் அவர்களை அன்புடன் அழைக்கிறோம்." படிச்சதும் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. தலைவர் அவர்களை! உரையாற்ற! மேல "பெறுநர்"னு போட்டு அவ பேரு இருந்துச்சாம். பெறுநருக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு எவன் படிக்கிறான்? தலைவர்ங்கிற வார்த்தையைப் பாருங்க தம்பி, ஆம்பளைக்கும் அதுதான், பொம்பளைக்கும் அதுதான். தமிழ்ல இப்படி ஒரு வார்த்தையை வச்சது யாரு? அந்த ஆளைத்தான் பிடிக்கணும்.

"என்னங்க, பள்ளிக்கூடத்துல இருந்து ஏதோ வந்துச்சாமே?"ன்னு கேட்டா. "ஆமா, கூப்ட்டிருக்காக, நான் போறேன்"ன்னேன். "எங்க பள்ளிக்கூடம்"னா. அங்கதான் அவ படிச்சா. அதைச் சொல்லிட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. நான் சட்டைக்குக் கஞ்சி போட்டாச்சான்னு கேட்டேன்.

மூணு மணிக்குக் கூட்டம். ஒரு மணிக்கே போய் நானே மைக்செட்டைப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்குள்ள ரெண்டு பாக்ஸு போதும். ஆனா நாம பேசறதை நாலு பேரு கேக்க வேண்டாமா? வேப்பமரத்துல ஒரு குழாயைக் கட்டி, பஸ் ஸ்டாண்டைப் பாத்துத் திருப்பி விட்டேன். கையில பிடிக்கிற மைக்கு ஒண்ணு. அது போக, சட்டைக் காலர்ல குத்துற மைக்கு, புதுசா வாங்குனது. கையை வீசிப் பேசணும்னு அதை எனக்குன்னு எடுத்து வச்சுக்கிட்டேன். பெறகு வீட்டுக்கு வந்து சட்டையை மாத்தி, காலர்ல அதைக் குத்தி, ஆள் வச்சு பைக்கை ஓட்டச் சொல்லி, தலைவர் மாதிரி போய் எறங்குனேன்.

கேட்டுல எச்.எம். டீச்சர் நின்னாக. ஞானசுந்தரின்னு பேரு. கையில பொன்னாடை, பக்கத்துல சந்தனம், கல்கண்டோட பிள்ளைக. டீச்சர் எனக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பாக்குறாக. "தலைவர் பின்னாடி வர்றாகளா?"ன்னாக. "பின்னாடி ஏன் வரணும்? முன்னாடியே வந்துட்டேன்ல!"ன்னு சொல்லி நானே சிரிச்சேன். பிரிச்ச பொன்னாடையை டீச்சர் மறுபடியும் மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டாக. வெயிலுக்குப் பொன்னாடை எதுக்குன்னு என் மேல உள்ள அக்கறையில மடிக்கிறாகன்னு நினைச்சேன். இப்படியும் ஒரு மனுஷன்.

உள்ள நடந்து போறேன். சுவத்தோரமா தண்ணி பாட்டிலு வரிசையா வச்சிருக்கு. நூறு இருக்கும், நூத்தம்பது இருக்கும். பச்சை, நீலம், ரோசு. எல்லாப் பாட்டிலும் கழுத்து வரைக்கும் நெறைஞ்சு நிக்குது. மத்தியானம் மூணு மணி, சித்திரை மாச வெயிலு. ஒண்ணுல கூட ஒரு மடக்கு குறையலை. எனக்கு ஒரே சந்தோசம். பேசறதுக்கு ஒரு பாயிண்டு கிடைச்சிருச்சுன்னு.

மேடையில ஏறுனதும் போட்டோவுக்காகக் கண்ணாடியைக் கழட்டிப் பையில வச்சேன். கண்ணாடி இல்லாட்டி எனக்கு நாலு வரிசைக்கு அங்கிட்டு எல்லாம் புகைதான். காலர் மைக்கை ஆன் பண்ணேன். "வாக்காளப் பெருமக்களே"ன்னு ஆரம்பிச்சேன். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளைப் பாத்து! இருபத்தஞ்சு வருஷம் கேட்ட பழக்கம், அதுவா வருது. பெறகு சமாளிச்சு, "வருங்கால வாக்காளப் பெருமக்களே"ன்னேன். கை தட்டுனாக. அம்புட்டுத்தான், எனக்கு ஏறிருச்சு.

நாப்பது நிமிஷம் பேசுனேன் தம்பி. ஒவ்வொரு தலைவர்ட்டயும் கிள்ளி வச்சிருந்ததை எல்லாம் எடுத்து விட்டேன். தலைவன்னா யாரு? முன்னால நிக்கிறவன். தலைவன்னா யாரு? மக்கள் வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே அவுக மனசுல உள்ளதைத் தெரிஞ்சுக்கிறவன். சொல்லிட்டுப் பாட்டிலைக் காட்டுனேன். "அந்தா பாருங்க! காலையில கொண்டுவந்த தண்ணி, இன்னும் ஒரு சொட்டு குறையலை. இதுதான் கட்டுப்பாடு. இதுதான் சிக்கனம். இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பாத்து நாடே கத்துக்கணும்!" கை தட்டுவாகன்னு கொஞ்ச நேரம் நிறுத்துனேன். ஒருத்தரும் தட்டலை. எல்லாம் தரையைப் பாக்குதுக. பின்னாடி மட்டும் கசகசன்னு பேச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. கண்ணைச் சுருக்கிப் பாத்தா, பிள்ளைக நடுவுல யாரோ நீலச் சேலை கட்டி உக்காந்து, பக்கத்துப் பிள்ளைகிட்ட குனிஞ்சு பேசுறாக.

"பின்னாடி நீலச் சேலை டீச்சர்! பிள்ளைகளைப் பேச விடாதீங்க. தலைவர் பேசும்போது நீங்களே பேசலாமா?"ன்னேன்.

கொல்லுன்னு சிரிப்பு. எச்.எம். டீச்சர் வேகமா மேடைக்கு வந்து என் காதுகிட்ட மெதுவாச் சொன்னாக. "ஐயா, அவுகதான் தலைவர்."

மெதுவாத்தான் சொன்னாக. ஆனா என் காலர் மைக்குல விழுந்து, "அவுகதான் தலைவர்"னு வேப்பமரத்துக் குழாய்ல இருந்து பஸ் ஸ்டாண்டுக்கே போயிருச்சு. கண்ணாடியை எடுத்துப் போட்டேன். என் பொண்டாட்டி. அந்த நீலச் சேலை தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்தது. மினிபஸ் பிடிச்சு வந்து, தரையில பிள்ளைகளோட பிள்ளையா உக்காந்திருக்கா. எம்புட்டு நேரமா? முதல்ல இருந்தேவாம். "வாக்காளப் பெருமக்களே"யில இருந்து.

டீச்சர் அவளைக் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தாக. அந்தப் பொன்னாடை இருக்குல்ல, இப்ப பிரிஞ்சுச்சு. அவளுக்குப் போட்டாக. பார்வையாளர் நோட்டைக் கொண்டுவந்து வச்சாக. அவ குனிஞ்சு கையெழுத்துப் போட்டா. நோட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அந்தப் பள்ளிக்கூடத்து மாணவர் தலைவி. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, முனீஸ்வரின்னு பேரு, ஒல்லியா, ரெட்டைச் சடை. அந்தப் பிள்ளை கையெழுத்தைப் பாத்துச்சு, மறுபடியும் பாத்துச்சு. பெறகு கையில வச்சிருந்த ஃபைல்ல இருந்து ஒரு தாளை எடுத்துச்சு. தூரத்துல இருந்தே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஐநூறு அடிச்சவனுக்குத் தெரியாதா? கனிவுடன்.

கேள்வி கேக்கச் சொல்லி அந்தப் பிள்ளைகிட்ட கை மைக்கைக் குடுத்தாக. அது பயப்படவே இல்லை தம்பி. "அம்மா, எட்டு மாசத்துக்கு முன்னாடி நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு ஒரு மனு அனுப்புனோம். நீங்க பதில் போட்டிருந்தீங்க. இதுல 'செ. மங்கையர்க்கரசி'ன்னு இருக்கு. இப்ப நோட்டுல 'கோ. மங்கையர்க்கரசி'ன்னு போட்டிருக்கீங்க. நீங்க கோ-வா, செ-யா?"

யாத்தி! அவ அந்தத் தாளை வாங்கிப் படிக்கிறா. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. அவ பேருல போன கடுதாசியை அவ அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பாக்குறா. மனு வந்ததே தெரியாது அவளுக்கு. நான் நைசா அவ பக்கத்துல போய், உதடு அசையாமச் சொன்னேன். "செ-ன்னு சொல்லிச் சமாளி. நாந்தான் போட்டேன்னு மட்டும் சொல்லிராத."

காலர் மைக்கு தம்பி. காலர் மைக்கு! இருபத்தஞ்சு வருஷத் தொழிலு. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், "அண்ணே, பேசி முடிச்சா ஆஃப் பண்ணிருங்கண்ணே"ன்னு. "நாந்தான் போட்டேன்னு மட்டும் சொல்லிராத"ன்னு ஸ்கூலு, சந்து, பஸ் ஸ்டாண்டு எல்லாம் எதிரொலிச்சுச்சு. எக்கோ வேற நான் நல்லா வச்சிருந்தேன்.

முந்நூறு பிள்ளைக என்னையே பாக்குதுக. மேடை பிளந்து உள்ள போயிரணும் போல இருந்துச்சு. வெக்கம்னா அப்படி ஒரு வெக்கம். இப்ப அவ என்ன சொன்னாலும் ஞாயம்தான். "இந்தா நிக்கிறாரே, இவருதான்"னு கையைக் காட்டியிருக்கலாம். எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, காட்டுனா என்ன? நானா இருந்தா காட்டியிருப்பேன்.

அவ அந்தப் பிள்ளைகிட்ட இருந்து மைக்கை வாங்குனா. "என் பேரு கோ. மங்கையர்க்கரசி. இந்தப் பதில் என் பேருல வந்திருக்கு. அதனால இதுக்கு நாந்தான் பொறுப்பு. ஃபைலைக் கேட்டு வாங்கிப் படிச்சிருக்கணும். படிக்காம இருந்தது என் தப்பு. என்னை மன்னிச்சிருங்க பிள்ளைகளா"ன்னா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. மைக்கை எம்புட்டு தூரத்துல பிடிக்கணுமோ அம்புட்டு தூரத்துல பிடிச்சிருந்தா. அதை எப்பக் கத்துக்கிட்டா?

பெறகு பாட்டில் பக்கம் திரும்புனா. "காலையில இருந்து தண்ணி குடிக்காதவுக கையைத் தூக்குங்க"ன்னா.

முதல்ல ஒரு பிள்ளை தூக்குச்சு. அடுத்து ரெண்டு. அப்புறம் பாத்தா, எல்லாக் கையும் மேல. ஒரு டீச்சர் கையும் மேல.

"நான் படிச்சப்பயும் குடிக்க மாட்டோம்"னா. "குடிச்சா கக்கூஸுக்குப் போகணுமே. அங்க கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்ல, தண்ணியும் வராது. நாந்தான் மறந்து போயிட்டேன். தலைவரான அன்னைக்கே வந்து பாத்திருக்கணும்."

எனக்கு அப்பத்தான் தம்பி விளங்குச்சு. பிள்ளைக மனுவுல கேட்டதும் இதைத்தானாம். சித்திரை வெயில்ல நாக்கு வறண்டு உக்காந்திருந்த பிள்ளைகளைப் பாத்து, சிக்கனம், கட்டுப்பாடு, நாடே கத்துக்கணும்னு பேசிட்டு நிக்கிறேன். எனக்கும் ஒரு மக இருக்கா, கட்டிக் குடுத்துட்டோம். அவளும் அங்கதான் படிச்சா. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காம கொல்லைப்பக்கம் ஓடுவா. "என்ன கழுதை இப்படி ஓடுது"ன்னு சிரிச்சிருக்கேன். சிரிச்சிருக்கேன் தம்பி.

அவ அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, முதுகுல எழுதுனா. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் தொறக்கும்போது தாழ்ப்பாள், தண்ணி, வெளிச்சம் எல்லாம் இருக்கும், இல்லாட்டி நான் இங்கயே வந்து உங்ககிட்ட காரணம் சொல்லுவேன்னு. கீழ கையெழுத்து. கோ. மங்கையர்க்கரசி. முனீஸ்வரிகிட்ட குடுத்து, "இதை வச்சிரு, கேக்கணும்"னா. அந்தப் பிள்ளை வாங்கிப் படிச்சுப் பாத்துட்டுத்தான் தலையாட்டுச்சு.

திரும்பி வரும்போது பைக்குல என் பின்னாடிதான் உக்காந்து வந்தா. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நாலு பேரு எந்திரிச்சு நின்னானுக. "அண்ணே, சொல்லிராதன்னு சொன்னது அப்படியே கிளியரா கேட்டுச்சுண்ணே. என்ன குழாய்ண்ணே அது?"ன்னான் ஒருத்தன். தொழில்காரன் புத்தி பாருங்க, ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து சண்டை போடுவான்னு பாத்தேன். போடலை. சோறு வச்சா. நான் சாப்பிட்டு முடிச்ச பெறகு கேட்டா. "எங்கப்பா எழுத்தை எடுக்கும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" அம்புட்டுத்தான் கேட்டா. "எல்லாரும் அப்படித்தானே"ன்னு ஆரம்பிச்சேன். முடிக்கல. அவுக அப்பா கோபால்சாமி, பீடிக்கட்டைச் சைக்கிள்ல வச்சுக் கடை கடையாப் போட்ட மனுஷன். இவளை அதே சைக்கிள்ல முன்னாடி உக்கார வச்சு, அந்தப் பள்ளிக்கூடத்துல எறக்கி விட்டுட்டுத்தான் கடைக்குப் போவாராம். அவரு பேரு இவகிட்ட மிச்சம் இருந்ததே அந்த ஒத்தை எழுத்துதான். அதைத்தான் நான் தூக்கி எறிஞ்சிருக்கேன், விரலு வலிக்குதுன்னு திட்டிக்கிட்டே.

மறுநாள் ஆபீசுக்குத் தனியாப் போனா. அவ போட்ட கையெழுத்தைப் பாத்துட்டு கிளார்க்கு, "அம்மா, ரெண்டு வருஷமா வந்த கையெழுத்துக்கும் இதுக்கும் ஒத்துப் போகலையே"ன்னானாம். என் பொண்டாட்டி கையெழுத்து என் பொண்டாட்டி கையெழுத்து மாதிரி இல்லையாம்! "பதவிப் பிரமாணம் எடுத்த நோட்டை எடுங்க"ன்னிருக்கா. எடுத்தா, அதுல "கோ." நல்லாப் பளிச்சுன்னு. வேட்பு மனுவுலயும் "கோ"தான். ஆபீஸ்ல எல்லாருக்கும் முதல்ல இருந்தே தெரிஞ்சிருக்கு தம்பி. "அண்ணன் சங்கடப்படுவாகன்னு சொல்லலைம்மா"ன்னானாம். சங்கடத்தை மொத்தமாச் சேத்து வச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குடுத்துட்டானுக.

மீட்டிங்குல என் சேரை எடுத்துட்டாக. முதல் ரெண்டு மீட்டிங்குக்கு வெளிய வராண்டாவுல நின்னு காதைக் குடுத்துப் பாத்தேன். சத்தமாப் பேசவே மாட்டேங்கிறா, ஆனா எல்லாம் அவ சொல்றதுக்குத்தான் தலையாட்டுறானுக. நாந்தான் அவளுக்குப் பேசப் பழக்கி விட்டேன்னு வெளிய சொல்லிக்கிறது. யாரும் நம்பலை. நீங்களும் நம்ப வேண்டாம்.

சொன்ன தேதிக்கு வேலை முடிஞ்சிருச்சு. தொறப்பு விழா வச்சாக. கல்வெட்டுல "முன்னிலை: அ. செல்லப்பாண்டி"ன்னு என் பேரையும் போடச் சொல்லி ஒரு வாரம் அவ பின்னாடியே சுத்துனேன். "என்னங்க, பொம்பளைப் பிள்ளைக கக்கூஸு சுவத்துல உங்க பேரு வேணுமா?"ன்னு கேட்டா. அப்பத்தான் உறைச்சுச்சு. வேண்டாம்னுட்டேன். மைக்செட்டு நம்மளுது, ஃப்ரீ. மேடையேறி "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ"ன்னேன். எறங்கும்போது அந்த முனீஸ்வரி பிள்ளை ஓடி வந்து, "ஐயா, காலர் மைக்கை ஆஃப் பண்ணிட்டீங்களா?"ன்னு கேக்குது. வாயாடி!

விழா முடிஞ்சு ஒயரைச் சுருட்டுறப்ப சுவத்தோரம் போனேன். பாட்டிலு எல்லாம் அப்படியே வரிசையா இருக்கு. குனிஞ்சு ஒவ்வொண்ணா பாத்தேன், கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான். ஒண்ணுல பாதி இருக்கு. ஒண்ணுல அடியில கொஞ்சம். ஒண்ணு ரெண்டு காலியாச் சாஞ்சு கெடக்கு. அங்கயே உக்காந்துட்டேன் தம்பி. வாட்ச்மேன் வந்து, "என்ன மைக்செட்டு, மயக்கமா?"ன்னான். ஒண்ணும் இல்லய்யான்னேன்.

என்ன, ட்யூட்டிக்கு நேரமாச்சா? அட, அதை முன்னாடியே சொல்லக் கூடாதா, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். சரி, அப்ப மனுவைக் குடுங்க. எனக்குன்னு ஒரு வேலை குடுத்திருக்காக: அவுக வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதவுக மனுவை வாங்கி வச்சு ரசீது குடுக்கணும். தேதி போடணும். கீழ "பெற்றுக்கொண்டவர்"னு என் பேரை, என் கையெழுத்துல போடணும். ஆமா, என் சொந்தக் கையெழுத்து. இருங்க, பேனா எங்க?

இதுதான் பெரிய பாடு. செல்லப்பாண்டின்னுதான் போடணும். "செ" எழுதுனதும் கை தானா ஒரு புள்ளியை வச்சு, அடுத்து "ம"வுக்கு ஓடுது. ரெண்டு வருஷப் பழக்கம். இன்னைக்கு ஏற்கனவே ரெண்டு ரசீது கிழிச்சாச்சு. இந்தா... செ... பாத்தீங்களா? வச்சுட்டேன், புள்ளி. மூணாவதும் போச்சு.

அந்தா, ஸ்கூட்டிச் சத்தம் கேக்குது. அவுகதான். எந்திரிங்க தம்பி, மனுவை அவுக கையிலயே குடுங்க, நீங்களே சொல்லுங்க, நான் குறுக்க பேச மாட்டேன். நான் இந்த ரசீதை முடிச்சிர்றேன். செ... ல்... ஆங், இப்ப வைக்கலாம். புள்ளி அதே புள்ளிதான். "ல்"லுக்கு மேல வைக்கணும், அம்புட்டுத்தான்.